குறி சுடாத வெள்ளையன்

போன மாதம் தர்சினி வந்தாள். எங்கள் பகுதிக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் கால்நடை உத்தியோகத்தர். நல்ல பிள்ளை, வாய் மட்டும் ஓயாது. மோட்டார் சைக்கிளைப் படலையடியில் விட்டுவிட்டு வந்து கதிரையில் விழுந்தாள். இரசாயனம் போடாத சேதன விவசாயப் பண்ணைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கப்போகிறார்களாம். அதற்கு இவள் பண்ணை பண்ணையாகப் போய்க் கேள்வி கேட்கவேண்டுமாம்.

“பூச்சியைப் பற்றிக் கேட்டா எழுதிப்போடுவன் அன்ரி. பசளையைப் பற்றியும் எழுதிப்போடுவன். ‘விலங்கு நலன்’ எண்டு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு என்னத்தைப் பாக்கிறது? சந்தோசமா இருக்கிறியோ எண்டு மாட்டிட்டையே போய்க் கேக்கிறது?”

“ஓம், மாட்டிட்டைத்தான் கேக்கவேணும்” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மாட்டிடம் கேட்டு, மாடு பதில் சொல்லி, அந்தப் பதிலை ஒரு ஊரே ஒத்துக்கொண்டதைக் கண்ணால் கண்டவள் நான். அதைத் தர்சினிக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும், “எழுதி வையுங்கோ அன்ரி, உங்களுக்குப் பிறகு ஆர் சொல்லுறது?” என்றாள். எனக்குப் பிறகு என்று அவள் அவ்வளவு சுளுவாகச் சொன்னது பிடிக்கவில்லை. என்றாலும் எழுதுகிறேன்.

நான் மாட்டுக்காரி அல்ல. விவசாயப் பாடசாலையில் படித்து, நெற்பூச்சிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தவள். அறக்கொட்டி, மடிச்சுக்கட்டி என்கிற நெற்பூச்சிகளோடுதான் என் இளமை போனது. வலையும் போத்தலுமாக வரம்பு வரம்பாக நடப்பேன். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். தொண்ணூறில் சண்டை மூண்டு பொருட்களுக்குத் தடை வந்த பிறகு யூரியா இல்லை, பூச்சிமருந்து இல்லை, டீசல் இல்லை. கண்டித் தலைமைக் கந்தோரில் இருக்கிறவர்கள் கடிதத்தில் எழுதுகிற மருந்தெல்லாம் எங்களுக்குப் பெயராக மட்டுமே இருந்தது. இன்றைக்கு ஆட்கள் கூடுதல் காசு கொடுத்து விளைச்சல் வாங்குகிற சேதன விவசாயத்தை நாங்கள் அப்போது வேறு வழியில்லாமல் செய்தோம். வேப்பங்கொட்டை இடித்தோம், விளக்குப் பொறி வைத்தோம், வயலில் குருவிக்குக் கொப்பு நட்டோம். நெல்லும் விளைந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே விளைந்தது.

யூரியா போனதும் மாட்டுக்கு மதிப்பு வந்தது. எரு வேண்டும், உழவு வேண்டும், சூடடித்து நெல்லைப் பிரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மாடு. மாட்டுக்கு ஒரு புண் வந்தால் வயலுக்கு வந்த மாதிரி. அப்போதுதான் என்னை நிலையத்தின் மிருக வைத்தியருக்கு உதவியாளராகப் போட்டார்கள். “நெல்லுப் பூச்சி பாத்த கண்ணுக்கு மாட்டு உண்ணி தெரியாதே?” என்று நிலையப் பெரியவர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மிருக வைத்தியர் அருளப்பு ஐயா கொக்கிளாய்க்காரர். தகப்பன், சகோதரங்கள் எல்லாரும் களப்பில் வலை வீசுகிறவர்கள். அவர் ஒருவர்தான் கரையேறி மாட்டுக்கு வந்தார் என்று தானே சொல்லிச் சிரிப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு மாட்டைப் பார்க்கப் போனால், முதலில் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்துவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றில் போடுவார். கடிகாரப் பட்டி மாட்டின் உரோமத்தில் சிக்கி இழுக்குமாம். பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்பார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பதறுவார், ஐயா அசையமாட்டார். மாடு தலையை ஒருதரம் தாழ்த்தி மூச்சு விட்ட பிறகுதான் கிட்டப் போவார். கடிகாரம் பொக்கற்றுக்குள் போய்விட்டதென்றால் வைத்தியம் தொடங்கிவிட்டது, இனி ஒருவரும் கதைக்கக்கூடாது என்று எங்களுக்கு விளங்கும்.

எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் சரிவராது. “ஐயா, கயித்தைப் போட்டு விழுத்திப்போட்டு மருந்தைப் பூசினா அலுவல் முடிஞ்சுது” என்று முதல் கிழமையே சொன்னேன்.

“பிள்ளை, நீ மடிச்சுக்கட்டியை என்ன செய்தாலும் அது அடுத்த நாள் உன்னை நினைவு வைச்சிருக்காது. மாடு வைச்சிருக்கும். இண்டைக்கு விழுத்தினா நாளைக்கு உன்ர சைக்கிள் சத்தத்துக்கே காட்டுக்குள்ள ஓடும். பிறகு ஆரிட்டைப் பூசுவாய்?”

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமான வேலை.

வன்னியில் மாடு பகலில் காட்டில் மேயும், மாலையில் பட்டிக்கு வரும். ஒரு பட்டி மாடு இன்னொரு பட்டியோடு கலக்கும். ஆகவே குறி சுடுவார்கள். அறுவடை முடிந்த கையோடு மாட்டைக் கட்டி விழுத்தி, குறிக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சொந்தக்காரரின் எழுத்தைத் தொடையிலும் விலாவிலும் இழுப்பார்கள். சிலர் குடும்பத்தின் எழுத்து முழுவதையும் கோலம் போட்ட மாதிரிச் சுட்டுவிடுவார்கள். அந்தப் புண்ணில் ஈ முட்டையிடும். புழுப் பிடித்தால் சதையைத் தின்றுகொண்டு உள்ளே போகும். முந்தி அதற்கு மருந்துப் போத்தல் வரும். இப்போது வராது. மண்ணெண்ணெய் ஊற்றலாமென்றால் விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடையாது. ஒரு வருடம் நல்ல உழவு மாடுகள் எத்தனையோ இப்படிப் போயின.

ஐயா ஆராய்ச்சியை இரண்டு பக்கத்தால் தொடங்கினார். புழுவுக்கு மருந்து ஒரு பக்கம். அது என் பொறுப்பு, அதில் நான் கெட்டிக்காரி. அன்னமுன்னா இலையை, அதுதான் சீத்தா இலையை, அரைத்துப் புண்ணில் அடைத்து, மேலே சீலை கட்டினால் புழு மூச்சுவிட ஏலாமல் வெளியே வரும். இடுக்கியால் எடுத்துவிட்டு, உப்புப் போட்டுக் கொதித்து ஆறின தண்ணீரால் கழுவி, புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. அன்னமுன்னாச் சாறு மாட்டின் கண்ணிலும் படக்கூடாது, எங்கள் கண்ணிலும் படக்கூடாது. இதை நான் பட்டி பட்டியாகப் போய்ச் செய்து காட்டினேன்.

மற்றப் பக்கம்தான் வில்லங்கமானது. “புண் வாறதுக்கு முதல் காரணம் நாங்கள். சுடாமல் விட்டா என்ன நடக்குது எண்டு பாப்பம்” என்றார் ஐயா. பட்டிக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. குறியில்லாத மாடு வன்னியில் ஆருடைய மாடும் அல்ல. எவருடைய பட்டியில் போய் நிற்கிறதோ அவர் தன் குறியைச் சுட்டுவிடலாம். அதுதான் வழக்கம், அதை ஒருவரும் களவு என்று சொல்லமாட்டார்கள்.

சம்மதித்தது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்கள். அவர்களுக்குப் பட்டி இல்லை, சோடி மாடுதான் உண்டு. பழனியம்மாவும் அவர்களில் ஒருவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் எரிந்த லயத்தை விட்டு வந்து, புருசனையும் பறிகொடுத்து, குத்தகைக் காணியில் தனியாகக் கமம் செய்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். வெள்ளையன், கறுப்பன் என்று இரண்டு எருதுகள்.

“சூடு வைக்கிறதா? எம்புள்ளைங்களுக்கா? நா வைக்கமாட்டேன் சாமி. ஆனா காட்டுல தொலஞ்சு போனா என்னாங்க பண்றது?” என்று கேட்டார்.

“துலைஞ்சா நான் பொறுப்பு” என்றார் ஐயா.

வீட்டுக்கு வரும் வழியில், “என்ன ஐயா, உங்களிட்டை மாட்டுப் பட்டியே இருக்கு?” என்று கேட்டேன். அவர் சைக்கிளை மிதித்தார்.

குறி சுடாத மாடுகளைக் கிழமைக்கு ஒருதரம் உண்ணிக்கும் புண்ணுக்கும் பார்க்கவேண்டும். கயிறு போடக்கூடாது. ஐயாவின் முறை இதுதான்: பால்மா வந்த ஒரு தகரப் பேணிக்குள் உப்பைப் போட்டு, மூடியில் விரலால் தட்டவேண்டும். உப்புக்கு மாடு வரும். இடது உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு. நக்கும்போது வலது கையால் காதை மடித்து உள்ளே பார்க்கவேண்டும், பிறகு கழுத்து, முன்னங்காலின் கக்கம், விலா, வாலடி. உண்ணி இருந்தால் வேப்பெண்ணெய். ஒரு பக்கம் முடிந்ததும் மாட்டை விட்டு இரண்டடி பின்னுக்கு வந்து நின்று, மறுபடி பேணியைத் தட்டவேண்டும். மாடு தானாகத் திரும்பி மற்றப் பக்கத்தைக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் உப்பு.

“நான் சுத்திப் போய்ப் பாத்தால் என்ன? எனக்குக் கால் இல்லையே?”

“நீ பின்பக்கத்தாலை சுத்தினா அது வெருளும். நீ சுத்தாதை, அது சுத்தட்டும்.”

கறுப்பன் கெதியில் பழகிவிட்டது. வெள்ளையன் இருக்கிறதே, பெரிய வீம்பன். உப்பை நக்கிவிட்டு, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, வாலால் முகத்தில் ஒன்று தந்துவிட்டுப் போய்விடும். நான் திட்டாத திட்டு இல்லை. ஒரு மழைநாள், நான் அலுத்துப்போய்ப் பேணியைச் சும்மா தட்டிக்கொண்டு நின்றபோது, ஆடி அசைந்து திரும்பி மற்றப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் சந்தோசத்தில் முழுப் பேணியையும் கொட்டப் பார்த்தேன். பழனியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “மிஸ், அவ்வளவு குடுத்தா வயிறு கழியும்!” அதற்குப் பிறகு அந்த மாடு பிழைவிட்டதே இல்லை. காது, விலா, டொக் டொக், திரும்பு. ஊர்ப் பெடியள் சேர்க்கஸ் பார்க்க வருகிற மாதிரி வேலியில் தொங்குவார்கள்.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கி, கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. ஆட்களும் வண்டில்களும் கோழிக்கூடுகளுமாக றோட்டு நிறைந்து நகர்ந்தது. எங்கள் நிலையமும் பெட்டிகளோடு விசுவமடுவுக்கு வந்து, ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் இயங்கத் தொடங்கியது. பழனியம்மாவும் அங்கேதான் வந்து சேர்ந்தார். அரை ஏக்கர் சேர்ந்தாற்போல ஒரு துண்டு வயலை ஒரு நல்ல மனுசன் காலபோகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். மழைக்கு முதல் உழுது விதைத்தால் தை மாதம் சோறு. விதைக்காவிட்டால் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கவேண்டும். அதுவும் ஒழுங்காக வராது.

கறுப்பனுக்குக் குளம்பில் புண், அதனால் கட்டி வைத்திருந்தார். வெள்ளையனை மேயவிட்டார். புது இடம், அதுக்கென்ன தெரியும்? வந்த றோட்டாலே பழைய வீட்டைத் தேடி நடந்துவிட்டது. ஒற்றை மாட்டோடு உழ முடியாது. பழனியம்மா காடு காடாகத் தேடினார். நாங்களும் சைக்கிளில் தேடினோம். ஐயா வேலை முடிந்ததும் சாப்பிடக்கூட இல்லாமல் போவார். அவர் பொறுப்பு என்று சொன்ன மாடல்லவா?

கடைசியில் முதல் மழைக்குக் கொஞ்சம் முன்னால், தம்பிராசா அண்ணையின் பட்டியில் வெள்ளையனைக் கண்டோம். தம்பிராசா அண்ணை பரம்பரைப் பட்டிக்காரர். தன் மாடுகளை விட்டு ஒரு கிழமை பிரிந்திராத மனுசன். கெட்ட ஆள் அல்ல. அவருடைய மாடுகளோடு வந்து நின்ற குறியில்லாத எருதுக்கு வழக்கப்படி அவருடைய குறியைச் சுட்டிருந்தார். வலப்பக்கத் தொடையிலும் விலாவிலும் பெரிய எழுத்துகள். புண் இன்னும் ஆறவில்லை. தூரத்திலேயே மணம் வந்தது, எனக்கு விளங்கிவிட்டது, புழு.

பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு ஓவென்று அழுதார்.

“மாடு உங்கடை எண்டதுக்கு என்ன அடையாளம்?” என்று தம்பிராசா அண்ணை அமைதியாகக் கேட்டார். “குறி இருக்கே? காதுவெட்டு இருக்கே? வெள்ளை எருது இந்த வன்னியிலை எத்தினை நிக்குது. நாளைக்கு ஆரும் வந்து அழுதா நான் மாட்டை அவிட்டுக் குடுக்கிறதே?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சலை மூட்டியது. கமக்காரர் அமைப்பின் தலைவரைக் கூப்பிட்டோம். அவர் வந்து மாட்டைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், பழனியம்மாவைப் பார்த்தார். “டொக்குத்தர் ஐயா, நீங்கள் சொன்னா நான் நம்புவன். ஆனா ஊர் நம்பாது. நீங்கள்தான் சுடவேண்டாமெண்டு சொன்னனீங்கள்” என்றார். ஐயா தலைகுனிந்து நின்றார். அவரை அப்படி நான் கண்டதில்லை. எனக்குச் சரியாக மனம் நொந்துபோனது.

“ஐயா, பேணியைத் தட்டுவம்” என்றேன்.

ஐயா என்னை ஒருபக்கம் கூட்டிக்கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார். “விசர்க்கதை கதையாதை. அதைக் கட்டி விழுத்திச் சுட்டிருக்கு. இனி மனிசற்ற மணத்துக்கே கிட்ட வராது. எல்லாருக்கும் முன்னாலை கூப்பிட்டு அது வராட்டில், அந்த மனுசியின்ர வழக்கு இண்டையோட முடிஞ்சுது. விளங்குதே?”

“வரும் ஐயா.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒரு வருசமா அதுக்குப் பொய் சொல்லாமல் உப்புக் குடுத்தனான். தெரியும்.”

ஐயா பழனியம்மாவிடம் கேட்டார். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “மிஸ் கூப்பிடட்டும். வராட்டி போகட்டும். வேற என்னா வழி இருக்கு எனக்கு?”

தம்பிராசா அண்ணையிடம் நானே விளக்கினேன். கயிறு போடமாட்டேன், கையால் தள்ளமாட்டேன், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். பட்டிக்குள் போய்ப் பேணியைத் தட்டுவேன். மாடு வரவேண்டும், காதை மடிக்க விடவேண்டும், நான் பின்னுக்கு வந்து மறுபடி தட்டினால் தானாகத் திரும்பி மற்றப் பக்கத்தைக் காட்டவேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் மாடு உங்களுடையது.

“உப்புக்கு எந்த மாடும் வரும் பிள்ளை” என்றார். “ஆனா திரும்பிறது? நான் பிறந்த நாள் தொட்டு மாட்டோட நிக்கிறன். அப்பிடி ஒரு மாட்டை நான் காணேல்லை. சரி, தட்டுங்கோ.”

படலையைத் திறந்து உள்ளே போனேன். தட்டினேன். பட்டி மாடுகள் தலையை நிமிர்த்திப் பார்த்தன. இரண்டு பசுக்கள் உப்பு மணத்துக்குக் கிட்ட வந்து, நான் கையை அசைத்ததும் வெருண்டு ஓடின. வெள்ளையன் மூலையில் நின்றது. வரவில்லை. மறுபடி தட்டினேன். காது மட்டும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கத்திக் கூப்பிடவேண்டும்போல இருந்தது. ஐயா படிப்பித்த மாதிரி ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

வெள்ளையன் தலையைத் தாழ்த்தி ஒருதரம் மூச்சு விட்டது. பிறகு வந்தது. காலை இழுத்து இழுத்து வந்து, சுடாத இடப்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளங்கையில் உப்பை வைத்தேன். நக்கியது. காதை மடித்தேன், மடிக்க விட்டது. கழுத்து, கக்கம், விலா. தோல் முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்தது, என்றாலும் நின்றது. வேலியில் ஆரோ “அட!” என்றார்கள்.

இனித்தான் சங்கதி. மற்றப் பக்கத்தில்தான் புண். அந்தப் பக்கத்தில்தான் அதை மனிதர்கள் சுட்டார்கள். எந்த மாடு அதை இன்னொரு மனிதருக்குக் காட்டும்? பின்னுக்கு வந்து நின்று, பேணியைத் தட்டினேன்.

வெள்ளையன் அசையவில்லை. என்னைப் பார்த்தது. நான் திரும்பத் தட்டவில்லை. திரும்புவதற்கு ஒருதரம் தட்டுவதுதான் எங்கள் ஒழுங்கு.

ஆடி அசைந்து அது திரும்பியது. சுட்ட எழுத்துகளும் புழுவும் நிணமுமாக அந்தத் தொடை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நின்றுகொண்டு தலையைத் திருப்பி இரண்டாம் உப்பைத் தேடியது.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. கைநிறைய உப்பைக் கொடுத்தேன், கழிந்தால் கழியட்டும். வேலிப் பக்கம் பார்த்தேன். அருளப்பு ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடத்திலேயே, கயிறில்லாமல், அன்னமுன்னா இலை அடைத்தோம். இலை பறித்துக்கொண்டு வந்து தந்தது தம்பிராசா அண்ணை. கழுவி முடித்த பிறகுதான் பழனியம்மாவுக்குக் கிட்ட வந்தார். “தங்கச்சி, கொண்டு போங்கோ. என்ர மாடெண்டா எனக்குத்தான் திரும்பியிருக்கும்.” தன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, “இதுகள் ஒண்டும் எனக்குத் திரும்பாது” என்றும் சொன்னார்.

புண் ஆறும்வரை காத்திருக்க மழை விடவில்லை. தம்பிராசா அண்ணை தன் எருதில் ஒன்றை, குளம்புப் புண் ஆறிவிட்ட கறுப்பனுக்குச் சோடியாகக் கொண்டுவந்து, தானே பழனியம்மாவின் வயலை உழுது கொடுத்தார். தை மாதம் அந்த வீட்டில் புது நெல்லில் பொங்கினார்கள். எனக்கும் ஐயாவுக்கும் பானை நிறையச் சக்கரைப் பொங்கல் வந்தது.

சுடாமல் விடுங்கோ என்று அதற்குப் பிறகு ஐயா ஒருவருக்கும் சொல்லவில்லை. “அடையாளம் வேணும் எண்டு அந்த மனுசன் சொன்னது சரி. ஆனா சதையிலை சுடத் தேவையில்லை” என்றார். கொம்பின் நுனிப்பக்கத்தில் நோவு தெரியாது. அதில் சின்னக் கம்பியால் எழுத்தைச் சுட்டுப் பார்த்தோம். புண் இல்லை, ஈ இல்லை, புழு இல்லை. கொம்பு முளைக்காத கன்றுக்குக் காதில் ஒரு சின்ன வெட்டு, அதுவும் வேப்பெண்ணெய் பூசி. விசுவமடுப் பக்கத்தில் முதல் ஆளாகக் கொம்புக் குறிக்கு வந்தவர் தம்பிராசா அண்ணை. கையில் ஒரு பால்மாப் பேணியும் இருந்தது. வெட்கப்பட்டுச் சாறத்துக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். எனக்கு அது சரியான கஷ்டம் என்றாலும் இருந்தேன்.

இதையெல்லாம் தர்சினி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவே பெரிய அதிசயம். கடைசியில் கேட்டாள்.

“அப்ப அன்ரி, வெள்ளையன்ர தொடையிலை இருந்த அந்தக் குறி? அது தம்பிராசா அண்ணையின்ர எழுத்தல்லோ? அதை என்ன செய்தனீங்கள்?”

வழக்கப்படி என்றால் பழைய குறிக்கு மேலால் இன்னொரு சூடு இழுத்து அழிப்பார்கள். பழனியம்மா, இன்னொரு சூடா, வேணவே வேணாம் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகவே வெள்ளையன் சாகும்வரை வேறொரு மனுசனின் எழுத்தோடுதான் அவருடைய வயலை உழுதது. புதிதாகப் பார்க்கிறவர்கள் தொடையைப் பார்ப்பார்கள், பழனியம்மாவைப் பார்ப்பார்கள், ஏதோ கேட்க வாயெடுப்பார்கள். தம்பிராசா அண்ணை அந்தப் பக்கம் எங்காவது நின்றால் அவர்தான் முந்திக்கொள்வார்.

“என்ன பாக்கிறியள்? குறிதான் என்ரை. மாடு அவான்ரை.”